இல்லமும் பொருளும்: கணிப்பொறித் திரையும் நிறமும்

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் எழுதுகிறார்: "ஐயா, என் மனைவி சேலத்திலிருந்தும் காஞ்சியிலிருந்தும் சேலைகளைத் தருவித்து, படம் பிடித்து, கணிப்பொறியில் திருத்திக் கைபேசி வழியே விற்று வருகிறாள். 'படத்தில் கண்ட நிறம் வேறு, வந்த நிறம் வேறு' என்று சிலர் திருப்பி அனுப்புகின்றனர். போக்குவரத்துச் செலவு எங்கள் தலைமேல் விழுகிறது. விலை உயர்ந்த மானிட்டர் வாங்கினால் இக்குறை தீருமா?"

பலருக்கும் பயன்படக்கூடிய கேள்வி. ஆதலின் சற்று விரித்தே விடை கூறுவோம்.

திரை எதுவாயினும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்தே நிறங்களைக் காட்டுகிறது. அம்மூன்றும் எவ்வளவு தூயனவோ, அவ்வளவுக்கு அத்திரை காட்டவல்ல நிறங்களின் எல்லை விரியும். இவ்வெல்லையையே கடைக்காரர்கள் 'கலர் கேமட்' என்கின்றனர். 1996-ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்டு, மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்னும் எல்லையை வகுத்தன. 1999-இல் அது சர்வதேச நியமமாயிற்று. இணையத்தில் நாம் காணும் படங்களில் பெரும்பாலானவை இன்றும் இவ்வெல்லைக்குள் அடங்குவனவே.

விளம்பரங்களில் 'ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கவேண்டா. அது நிறப்படிகளின் எண்ணிக்கையேயன்றி எல்லையின் அளவன்று. சிறிய ஏணியிலும் படிகளை நெருக்கி வைக்கலாம் அல்லவா? '45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.' என்றிருந்தால் எச்சரிக்கை வேண்டும். என்.டி.எஸ்.சி. என்பது 1953-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வகுத்த அளவு. அதில் 72 விழுக்காடு ஏறத்தாழ எஸ்.ஆர்.ஜி.பி.யின் பரப்புக்குச் சமம். ஆகவே 45 என்பது எஸ்.ஆர்.ஜி.பி.யில் ஐந்தில் மூன்று பங்களவே. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அது போதும். அரக்குச் சேலையோ அதில் வெளுத்துச் செங்கல் நிறமாகத் தோன்றும்.

அப்படியாயின் மிக விரிந்த எல்லையே சிறந்ததோ? அன்று. திரைப்படத் தொழிலுக்குரிய 'பி3', அச்சுத் தொழிலுக்கு உதவும் 'அடோபி ஆர்.ஜி.பி.' ஆகியவை அவ்வத் தொழிலினருக்கே இன்றியமையாதவை. அத்தகைய திரையில் சாதாரணப் படத்தை நிறச் சீரமைப்பின்றித் திறந்தால் நிறங்கள் மிகைப்பட்டு, முகங்களும் சிவந்து காணும். அதை நம்பிப் படத்தின் நிறத்தைக் குறைத்தால், வாங்குபவரின் கைபேசியில் சேலை மங்கித் தெரியும்.

எனவே அன்பருக்கு நாம் கூறுவது: எஸ்.ஆர்.ஜி.பி.யை ஏறக்குறைய முழுமையாகக் காட்டும் ஐ.பி.எஸ். வகைத் திரையே போதும். பக்கவாட்டிலிருந்து நோக்கினும் அதில் நிறம் அதிகம் மாறாது. 2025 ஆகஸ்டு முதல் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆர்.வி. ரோடு நிலையத்தில் மாறிச் சிக்கபேட்டையில் இறங்கினால், எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பல திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு சேலையையும் அதன் படத்தையும் உடன் கொண்டு செல்க. திரையை எஸ்.ஆர்.ஜி.பி. முறையில் வைக்கச் சொல்லி, இரண்டையும் அருகருகே நோக்குக.

ஆயினும் திரை மட்டும் குறையைத் தீர்த்துவிடாது. வாங்குபவரின் கைபேசி நம் வசத்தில் இல்லை. மஞ்சள் விளக்கைத் தவிர்த்து, சன்னலோரப் பகலொளியில் படம் எடுக்கவேண்டும். அருகில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்தால் நிறத்தைச் சரிசெய்ய எளிது. மயில் கழுத்து போன்ற நீலப்பச்சையின் முழு ஒளிர்வு எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்குள் அடங்குவதில்லை. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமான பட்டோ, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். இவற்றுக்கு இரண்டு மூன்று கோணப் படங்களோடு பாவின் நிறத்தையும் ஊடையின் நிறத்தையும் எழுத்தாலும் குறிப்பிடுவது நன்று.

தவணையில் பெருவிலைத் திரை வாங்க எண்ணிய பணத்தின் ஒரு பகுதி அடுத்த கொள்முதலுக்கு உதவட்டும்.