படம் பார்க்க இரண்டு ஸ்பீக்கர் போதும்

“ஸ்டீரியோ பாட்டு கேட்க மட்டும்தான், படத்துக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் பார்ப்பவர் பாதிப் படம்தான் பார்க்கிறார்” என்று ஒரு கட்டுரையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார் நண்பர். இதில் வரலாறும் தப்பு, நுட்பமும் தப்பு. இதை நம்பி, வீட்டில் இருக்கும் அருமையான ஸ்பீக்கர்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஐந்து பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வருவார்களே, அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டீரியோ பிறந்ததே சினிமாவை மனதில் வைத்து. இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நடிகர் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போக, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1935-ல் அவருடைய குழு எடுத்த சோதனைப் படம் ஒன்றில், ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் போகப் போகச் சத்தமும் கூடவே போகும். இரண்டே சேனல்! ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததோ 1950-களின் கடைசியில்தான். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் ஒருவர் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அடுத்து, சென்டர் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வசனம் காணாமல் போகும் என்கிறார். எங்கே போகும்? 5.1 ஒலியை இரண்டாக மாற்றும்போது சென்டரில் உள்ள குரல் வழக்கமாக மூன்று டெசிபல் குறைத்து இடது, வலது இரண்டிலும் சமமாகச் சேர்க்கப்படுகிறது. நடுவில் உட்கார்ந்தால் குரல் திரையின் நடுவிலிருந்தே வரும். இரண்டு ஸ்பீக்கருக்கு எப்படி மாற்றுவது என்ற குறிப்பு டால்பி டிஜிட்டல் ஒலிக்குள்ளேயே இருக்கிறது. அதை வகுத்தவர்கள் நம் வீடுகளை மறந்துவிடவில்லை; நண்பர்தான் மறந்துவிட்டார்.

அவர் வீட்டில் ஏன் வசனம் புரியவில்லை என்பதற்கு அவர் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால், இன்னொன்று ஃபிரிட்ஜ் மேல். ஒன்று முழங்கால் உயரம், மற்றொன்று தலைக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் குரல் எப்படி நிற்கும்? வைத்த இடம் கோணல். பழி ஸ்டீரியோ மேல்.

இயக்குநரின் நோக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவருடைய வாதத்தை மட்டும் மதிக்கிறேன். ஆனால் அது நம் ஹாலில் என்ன ஆகிறது? பத்துக்குப் பன்னிரண்டு அடி. சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. சரவுண்ட் ஸ்பீக்கர் காதுக்கு ஒரு அடி தள்ளி ஆணியில் தொங்குகிறது. மழைச் சத்தம் வந்தால் படத்தைவிட்டு அந்தப் பெட்டியைத்தான் திரும்பிப் பார்ப்போம். எந்த இயக்குநர் இதைக் கேட்டார்? இரண்டு நல்ல ஸ்பீக்கருக்கான பணத்தை ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பங்கு போட்டால் ஒன்றுகூட ஒழுங்காகப் பேசாது. நாம் பார்ப்பதில் பாதி சீரியலும் செய்தியும். ‘பராசக்தி’ காலத்துப் படங்களோ ஒற்றைச் சேனல். இவற்றுக்குப் பின்சுவரில் என்ன வேலை?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டில், ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வருவதாகத் தோன்றும். அங்கே சென்டர் உண்மையிலேயே உதவும். அதற்காக மூன்று பேர் உள்ள வீட்டையும் பயமுறுத்துவது அநியாயம்.

ஸ்டீரியோ வைத்திருப்பவர்களே, எதையும் விற்காதீர்கள். டிவியின் ஒலி செட்டிங்கில் பிசிஎம் (PCM) தேர்ந்தெடுங்கள்; 5.1 ஒலியை டிவியே இரண்டாக மாற்றித் தரும். இரண்டு ஸ்பீக்கரையும் காது உயரத்தில் வையுங்கள். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் இரண்டுக்கும் இடையிலும் இருக்கட்டும். பிறகு, வசனம் நிறைந்த ஒரு காட்சியைப் போட்டுக் கேளுங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் சென்டர் வாங்குங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.