இரண்டாவது மாத்திரைக்கும் கெடு வேண்டும்

மனச்சோர்வுக்கு முதலில் எழுதித் தரும் மாத்திரையிலேயே முழுதாகத் தேறிவிடுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம் சுமார் 4,000 பேரைச் சேர்த்து நடத்திய 'ஸ்டார்-டி' ஆய்வு 2006-இல் காட்டிய கணக்கு இது. மற்றவர்களுக்கு மாத்திரையை மாற்றலாம். அல்லது அதனுடன் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

சேர்ப்பது புதிய யோசனையல்ல. 1981-இல் மான்ட்ரியல் மருத்துவர்கள், பழைய மருந்துக்கு மசியாத எட்டு நோயாளிகளுக்கு லித்தியத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் முகம் தெளிந்தது என்று எழுதினார்கள். வெறும் எட்டுப் பேர்தான்! ஆனால் பிந்தைய ஆய்வுகளிலும் லித்தியம் தேறியது. என்ன, ரத்தத்தில் அதன் அளவையும், கூடவே சிறுநீரகத்தையும் தைராய்டையும் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று துணை மருந்தாக அதிகம் பேசப்படுவது அரிப்பிப்ரசோல். 2017-இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 1,522 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். பழைய மாத்திரையை நிறுத்திப் புப்ரோப்பியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்துக்கு மாறியவர்களில் 12 வாரத்தில் 22 சதவீதத்தினர் குணமானார்கள். புப்ரோப்பியானைக் கூடுதலாகச் சேர்த்தவர்களில் 27, அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 29. ஆதாயம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். அரிப்பிப்ரசோலுக்குக் கொடுத்த விலை தூக்கக் கலக்கம், எடை கூடுதல், உட்கார விடாத பரபரப்பு. அறுபது வயது கடந்தவர்களிடம் நடந்த 2023 ஆய்வில் புப்ரோப்பியானைச் சேர்த்துக்கொண்டவர்களே அதிகம் தடுக்கி விழுந்தார்கள். பிரிட்டனில் 480 பேருக்கு மிர்டாசபின் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்தைச் சேர்த்துப் பார்த்த 2018 ஆய்விலோ சொல்லிக்கொள்ளும்படி பலனே இல்லை.

அதற்காகக் கூடுதல் மாத்திரையே கூடாது என்று வாதிட முடியாது. கேள்வி கேட்காமல் கூட்டுவதுதான் தவறு. முதல் மாத்திரை போதிய அளவில், ஆறு வாரமாவது, தவறாமல் உள்ளே போனதா? தைராய்டு குறைவா? இடையில் மிதமிஞ்சிய உற்சாகம் வந்து போனதுண்டா? இருமுனைக் கோளாறாக இருந்தால் சிகிச்சையே வேறு. குடியைப் பற்றி யாராவது விசாரித்தார்களா? ஐந்து நிமிட ஆலோசனையில் இவையெல்லாம் விடுபட்டுவிடும். சீட்டில் ஒரு வரி மட்டும் கூடும்.

குடும்பத்தாரிடமும் பேச வேண்டும். அரிப்பிப்ரசோலைக் கைபேசியில் தேடினால் மனச்சிதைவுக்கான மருந்து என்றுதான் முதலில் வரும். பயந்து நிறுத்திவிடுவார்கள். மனச்சோர்வுக்குத் துணை மருந்தாக அமெரிக்கா 2007-இலேயே அனுமதித்தது, அதுவும் தொடக்கத்தில் 2 முதல் 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் என்பதை டாக்டரே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

அந்தச் சீட்டிலேயே இன்னொன்றும் எழுதப்பட வேண்டும்: புதிய மாத்திரை வேலை செய்கிறதா என்று எந்தத் தேதியில் பார்க்கப்போகிறோம், பலன் இல்லையென்றால் இரண்டில் எதை, எப்படிப் படிப்படியாகக் குறைக்கப்போகிறோம். நோயாளி தானாக எதையும் நிறுத்தக்கூடாது. ஆனால் அந்தத் தேதியை டாக்டரிடம் கேட்டு வாங்க அவருக்கு முழு உரிமை உண்டு.