மூவகை எழுத்தும் முறிக்க வந்தோரும்

“ஒரு மொழிக்கு மூவகை எழுத்தா? இஃதென்ன குழப்பம்!” எனச் சப்பானியரை நோக்கி நகைப்பார் உளர். குழப்பம் எழுத்தில் இல்லை. நகைப்பாரின் அறியாமையில் உள்ளது.

கான்சி, சீனரிடம் பெற்ற எழுத்து, பொருளைக் காட்டுவது. இரகனா, அச்சீன எழுத்துகளை விரைந்தெழுதிய வளைவுகளினின்று சப்பானியர் தாமே வடித்த அசையெழுத்து. கத்தகனா, சீன எழுத்தின் ஓர் உறுப்பை மட்டும் எடுத்துப் புத்தத் துறவியர் ஆக்கிய அசையெழுத்து. இவ்விரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46. ‘அ, இ, உ, எ, ஒ’ எனத் தொடங்கிக் ‘க, ச, த, ந’ என நடக்கும் அவற்றின் வரிசை, புத்த நெறியோடு சென்ற இந்திய ஒலிநூலறிவின் பயன்.

‘கோகீ ஓ நோமு’ என்றால் ‘குளம்பியைப் பருகுகிறேன்’ என்பது பொருள். கோகீ அயற்சொல், எனவே கத்தகனாவில் நிற்கும். ‘ஓ’ நம் ‘ஐ’ போன்ற வேற்றுமை உருபு, இரகனாவில் நிற்கும். ‘நோமு’ என்னும் வினையின் பகுதி கான்சியிலும், ஈறாகிய ‘மு’ இரகனாவிலும் வரும். சொல்லுக்குச் சொல் இடம் விடாத அவ்வெழுத்துமுறையில், பகுதி எது, உருபு எது, வந்தேறிய சொல் எது எனக் கண்ணே பிரித்தறிகின்றது. ‘காமி’ என்னும் ஒலிக்குக் கடவுள், தாள், தலைமயிர் எனப் பொருள் பல. அம்மயக்கம் தீர்ப்பது கான்சியே.

சீனமே கற்றோர் மொழியென ஆடவர் தருக்கியிருந்த காலத்தில், பெண்டிர் எழுத்தெனத் தாழ்த்தப்பட்டது இரகனா. அதனில் முராசாக்கி சிக்கிபு என்னும் பெண்மணி 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாத்த கென்சி மோனோகத்தாரி இன்றும் அம்மொழியின் தலையாய இலக்கியம்! தருக்கினோர் எங்கே?

இவ்வெழுத்தையும் மொழியையுமே தொலைக்கச் சொன்னோர் சப்பானிலேயே இருந்தனர். பின்னாளில் கல்வியமைச்சரான மோரி அரினோரி 1870-களில் ஆங்கிலத்தை ஏற்கச் சொன்னார். போரில் தோற்ற மறு ஆண்டாகிய 1946-இல், எழுத்தாளர் சிகா நவோயா பிரெஞ்சு மொழியைப் பரிந்துரைத்தார். அவ்வாண்டே அமெரிக்கக் கல்விக்குழு உரோமன் எழுத்தை ஏற்குமாறு அறிவுரை கூறிற்று. எழுத்துச் சுமையால் மக்கள் கல்லாதிருப்பர் என்பது அவர்தம் எண்ணம். 1948-இல் நாடு முழுதும் ஆய்ந்தபோது, அறவே எழுதப் படிக்க இயலாதோர் நூற்றுக்கு இருவர் அளவே!

சுமை இல்லையென்று யாம் கூறோம். தொடக்கப்பள்ளிச் சிறார் ஆறாண்டில் 1,026 கான்சி கற்கின்றனர். ஆயின், அச்சுமையைக் குறைக்கச் சப்பானியர் வேரை வெட்டினாரல்லர், கிளையைக் கழித்தனர். பொதுவழக்குக் கான்சியை 1946-இல் 1,850 என வரையறுத்தனர். 1981-இல் 1,945 எனவும், 2010-இல் 2,136 எனவும் தம் தேவைக்கேற்பத் தாமே விரித்தனர்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கத்தகனா அயற்சொல்லுக்கு அடையாளமிடும். அதனைத் தடுத்து நிறுத்தாது. இன்று அவ்வெழுத்தின் வழியே ஆங்கிலச் சொற்கள் வெள்ளமெனப் புகுகின்றன. விருந்தினனுக்குத் தனியிருக்கை இட்டால் மட்டும் வீடு காக்கப்படாது; வீட்டுக்குரியவன் விழித்திருத்தல் வேண்டும்!