எந்த ஊசி?
2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வீகோவி என எடை குறைக்கும் வார ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, ‘இரண்டில் எது நல்லது?’ என்று கேட்காத நண்பர்கள் குறைவு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 72 வார ஆய்வில் மௌஞ்சாரோவின் டிர்செபடைடு சராசரியாக 20.2 சதவீத எடையைக் குறைத்தது. வீகோவியின் செமாகுளுடைடு 13.7 சதவீதம். எடை மட்டுமே கணக்கு என்றால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் உடல் பருமனோடு இதய நோயும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் அபாயத்தைச் செமாகுளுடைடு 20 சதவீதம் குறைப்பதாக 2023-லேயே பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பேன். குமட்டலும் மலச்சிக்கலும் இரண்டிலும் உண்டு. நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. ஆகவே முதல் மாதச் செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இரண்டுமே கூடாது. மருந்துக்கடைக்காரருக்கு இது தெரிய வழியில்லை. தயவுசெய்து மருத்துவரிடம் உட்கார்ந்து குடும்ப வரலாற்றை முழுதாகச் சொல்லிவிட்டு, அதன்பின் ஊசியைக் கையில் எடுங்கள்.