தெர்மாகோல் ஃபேக்டரியும் ஒரு வர்க்கமூலக் கணக்கும்: கொஞ்சம் கூடப் போட்டா என்ன ஆகும்?

தெர்மாகோல்னு சொன்னதுமே பலருக்கு 2017 வைகை அணை மீம்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்த வெள்ளை அட்டைக்கான மூலப்பொருள் தயாராகும் கதை சிரிப்பு விஷயமில்லை.

எப்படித் தயாராகிறது?

ஸ்டைரீன் என்ற திரவத்தைத் தண்ணீரோடு சேர்த்து, பேட்ச் ரியாக்டர் எனப்படும் மூடிய கலனில் சூடாக்குவார்கள். கூடவே கொஞ்சம் பென்சாயில் பெராக்சைடு. இதுதான் இனிஷியேட்டர், அதாவது தொடக்கி. சூட்டில் இது உடைந்து ஃப்ரீ ராடிக்கல்களாகும். அவை ஸ்டைரீன் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்து நீளமான சங்கிலியாக்கும்.

நாலு மடங்கு போட்டால்?

வேலை நாலு மடங்கு வேகமா நடக்கும்னுதான் தோணும். இல்லை. வேகம் இனிஷியேட்டர் அளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4 மடங்கு போட்டால் வேகம் 2 மடங்குதான். ராடிக்கல்கள் பெருகினால் ஒன்றோடொன்று மோதி சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால், சங்கிலி நீளமும் ஏறக்குறைய பாதியாகும்.

தரம் மட்டுமல்ல, வெப்பமும் பிரச்சினை. ஒரு மோல் ஸ்டைரீன் சங்கிலியில் சேர்ந்தால் சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். வேகம் இரட்டிப்பானால் நிமிடத்துக்கு நிமிடம் வெளியாகும் வெப்பமும் இரட்டிப்பு. அதைக் குளிர்விக்க முடியாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் இனிஷியேட்டர் இன்னும் வேகமாக உடையும். கலவை கெட்டியாகும்போது ராடிக்கல்கள் அணைவது குறைந்து, வேகம் திடீர்னு எகிறவும் செய்யும்.

மாடலிங் எதற்கு?

லேப் குடுவையில் நல்லா வந்ததை ஃபேக்டரியில் அப்படியே செய்ய முடியாது. அதே வடிவில் கலனின் கொள்ளளவை 1,000 மடங்காக்கினால், வெப்பம் வெளியேறும் பரப்பு 100 மடங்குதான் கூடும். எவ்வளவு இனிஷியேட்டர், எந்தச் சூட்டில், எப்போது என்பதை முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் மாடலிங்.

ஆனால், மாடலை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தனர். அது ரியாக்டர்கூட இல்லை, சேமிப்புத் தொட்டி. இனிஷியேட்டர் சேர்க்காமலேயே, சூட்டில் சங்கிலி வினை தானாகத் தொடங்கியிருந்தது. வெப்பநிலையை அளந்ததோ தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும். மேலே ஏறிய சூடு கண்ணில் படவில்லை.

ஆகவே, இனிஷியேட்டர் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். அது சரிதானா என்று காட்ட, கலனின் எல்லா மட்டத்திலும் சென்சார் வேண்டும். அடிப்படைக் கணக்குக்கு ஒரு லேப்டாப் போதும். செலவைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்கிற விஷயமில்லை இது.