தரம் என்று எழுதி எண்ணை மறைப்பவர்கள்

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற சி.இ.எஸ். கண்காட்சி மேடையிலே என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் தமது புதிய ஆர்.டி.எக்ஸ். 5070 கிராபிக்ஸ் கார்ட்டை அறிமுகஞ் செய்து, 4090இன் ஆற்றலை 549 டொலருக்குத் தருவதாகக் கூறினார். 4090 என்பது 2022இல் 1,599 டொலர் விலையுடன் வெளிவந்த கார்ட். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விலைக்கு அதே ஆற்றல் என்றால் யாருக்குத்தான் கைதட்டத் தோன்றாது? செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது இயலாது என்று அவரும் சேர்த்துச் சொல்லத்தான் செய்தார். ஆனால் மக்கள் மனதில் நின்றது முதல் வாக்கியமே. அந்தக் கணக்கின் சூட்சுமம் என்னவெனில், புதிய கார்ட் தானாக வரைவது ஒரு பிரேம். அதற்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் ஊகித்து நிரப்புவது மூன்று பிரேம்கள் வரை. ஊகித்தவற்றையும் வரைந்தவற்றோடு சேர்த்து எண்ணினால் எந்தச் சிறிய கார்ட்டும் பெரிய கார்ட் ஆகிவிடும்.

அரசியலும் நீதிமன்றச் செய்தியும் எழுதிப் பழகிய நான் கணினி விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு முகஞ்சுழிக்கும் நண்பர்கள் உளர். ஆயினும் சொல்லை வைத்து விலை பேசுதல் எங்கு நடந்தாலும் அது எனது தொழிலுக்கு உட்பட்ட விடயமே. அத்தோடு நானும் இவ்விளையாட்டுகளை ஆடுகின்றவன். ஐம்பதைக் கடந்தவர்கள் ஆடக்கூடாது என்று சட்டமேதும் இல்லை.

விடயத்துக்கு வருவோம். அப்ஸ்கேலிங் என்பது படத்தைச் சிறிதாக வரைந்து, பின்னர் திரையின் அளவுக்குப் பெருப்பித்துக் காட்டும் முறை. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர்., இன்ரெல்லின் எக்ஸ்.இ.எஸ்.எஸ். ஆகிய மூன்றும் இதனையே செய்கின்றன. விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் குவாலிட்டி, பலன்ஸ்ட், பெர்போமன்ஸ், அல்ட்ரா பெர்போமன்ஸ் என்று சொற்கள் வரிசையாக நிற்கும். எண் எதுவும் இராது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருப்பதோ வெறும் வகுத்தற் கணக்கு. டி.எல்.எஸ்.எஸ்.ஸிலும் எஃப்.எஸ்.ஆரின் இரண்டாம் பதிப்பு முதலாகவும் வழக்கமான கணக்கு இது: குவாலிட்டி என்றால் திரையின் அகலமும் உயரமும் 1.5ஆல் வகுபடும், பலன்ஸ்ட் என்றால் 1.7, பெர்போமன்ஸ் என்றால் 2, அல்ட்ரா பெர்போமன்ஸ் என்றால் 3.

எமது வீடுகளில் பெரும்பாலும் உள்ள 1920×1080 திரையையே எடுத்துக்கொள்வோம். அதில் 2,073,600 பிக்ஸல்கள் உள்ளன. குவாலிட்டி என்பதைத் தெரிவு செய்தால் கார்ட் உண்மையில் வரைவது 1280×720; அதாவது 921,600 பிக்ஸல்கள். பாதிக்கும் குறைவு. இதற்குப் பெயர் தரம்! பெர்போமன்ஸ் என்றால் 960×540, சரியாகக் காற்பங்கு. அல்ட்ரா பெர்போமன்ஸ் என்றால் 640×360, ஒன்பதில் ஒரு பங்கு. ஒன்பது சோற்றுப் பருக்கைக்கு ஒன்றைப் போட்டுவிட்டு மீதி எட்டையும் நினைத்துக்கொள் என்பதற்கு "அல்ட்ரா" என்ற அடைமொழி வேறு.

சொற்களாவது நிலையான பொருள் உடையனவா என்றால் அதுவும் இல்லை. இன்ரெல் நிறுவனம் 2024இல் எக்ஸ்.இ.எஸ்.எஸ்.ஸின் 1.3ஆம் பதிப்பை வெளியிட்டபோது வகுக்கும் எண்களை மாற்றியது. முன்னர் 1.5ஆக இருந்த குவாலிட்டி 1.7 ஆயிற்று. பலன்ஸ்ட் 2 ஆயிற்று. பெர்போமன்ஸ் 2.3 ஆயிற்று. பெருப்பிக்கும் முறை மேம்பட்டதால் குறைந்த அளவிலிருந்தும் நல்ல படம் கிடைக்கின்றது என்பது அவர்கள் கூறிய நியாயம். அந்நியாயத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒருவர் இன்ரெல்லின் பலன்ஸ்டையும் என்விடியாவின் பலன்ஸ்டையும் ஒப்பிட்டு எதில் வேகம் அதிகம் என்று அட்டவணை போட்டால், அந்த அட்டவணையின் பெறுமதி என்ன? ஒரு கடையில் 1,000 கிராம் கிலோ, மறு கடையில் 720 கிராம் கிலோ. பெயர் மட்டும் ஒன்று. நிறுவை அளவைக்குச் சட்டம் வைத்திருக்கின்ற உலகம் இதைக் கேட்பாரின்றி விட்டுவைத்திருக்கின்றது.

1990களில் பத்திரிகைக் காரியாலயத்துக்கு மரண அறிவித்தல் கொண்டுவருபவர்கள் அடையாள அட்டைப் படத்தைத்தான் தருவார்கள். முத்திரையளவான அப்படத்தை இரண்டு கொலம் அகலத்துக்குப் பெருப்பித்தால் முகம் புள்ளிகளாகச் சிதறிவிடும். படப் பிரிவில் இருந்தவர் மெல்லிய தூரிகையால் புருவத்தையும் மீசையையும் திருத்திக் கொடுப்பார். அருமையான கைவேலை அது. சிலவேளை இறந்தவருக்கு இல்லாத மீசை முளைத்து உறவினர்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு. இன்றைய அப்ஸ்கேலிங் அந்தத் தூரிகைக்காரரின் வாரிசு என்றே நான் எண்ணுகின்றேன்.

இத்தொழில்நுட்பத்தை நான் இகழ்வதாக யாரும் கொள்ள வேண்டாம். 2018இல் டி.எல்.எஸ்.எஸ். வந்தபோது ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. 2019 பெப்ரவரியில் பட்டில்ஃபீல்ட் 5இல் அதனைக் கண்டவர்கள் கண்ணாடியில் எண்ணெய் பூசியது போல் உள்ளது என்று திட்டினார்கள். 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்போடு நிலைமை தலைகீழானது. முந்திய பிரேம்களில் சேர்த்த விபரங்களையும், எந்தப் பொருள் எத்திசையில் நகர்ந்தது என்ற தகவலையும் கொண்டு இது படத்தைக் கட்டி எழுப்புகின்றது. ஆகவே முழுவதும் கற்பனை என்று கூறுவது தவறு. 3840×2160 என்ற 4கே திரையில் பெர்போமன்ஸ் வைத்தாலும் அடியில் இருப்பது 1920×1080. பிடித்துக்கொள்ளப் போதிய சரக்கு இருக்கின்றது. பல விளையாட்டுகளில் விளையாட்டின் சொந்த ஓரந்துடைக்கும் முறையை விட இது நன்றாகவே தெரிகின்றது.

அதே பெர்போமன்ஸ் என்ற சொல்லை நம்பி 1080 திரைக்காரர் வைத்தால் அடியில் இருப்பது 960×540. ஓடும் மனிதனின் பின்னால் நிழற்புகை நீளும், கம்பிவேலி நடுங்கும், மழைத்துளி கரைந்துபோகும். "பெர்போமன்ஸில் போடு, வித்தியாசமே தெரியாது" என்று அறிவுரை வழங்குகின்ற விமர்சகர்களில் பலர் பார்த்துக்கொண்டிருப்பது 4கே திரை. அதை அவர்கள் சொல்வதில்லை, அல்லது சொல்ல மறந்துவிடுகின்றார்கள்.

என்னைக் கேட்டால், 1080 திரையில் குவாலிட்டிக்குக் கீழே போகாதீர்கள். அதற்கு முன்னர் நிழல், ஒளித்தெறிப்பு, தூரக்காட்சி ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். கார்ட்டில் பலம் மிச்சமிருந்தால் டி.எல்.ஏ.ஏ. போன்ற, அளவைக் குறைக்காமல் ஓரங்களை மட்டும் துடைக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள். ஷார்ப்னஸ் என்ற கோட்டை இழுத்து உச்சத்தில் விடுவது பலரின் பழக்கம். மங்கலான படத்துக்கு மை தீட்டினால் அது தெளிவாகிவிடாது, ஓரங்கள் மட்டும் கறுக்கும். நிற்கின்ற காட்சியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். கமராவைச் சுழற்றி, ஓடிப் பார்த்துத் தீர்மானியுங்கள். விளையாட்டு தானாக எதைத் தெரிவு செய்து வைத்திருக்கின்றது என்பதையும் பாருங்கள். 2023 செப்டெம்பரில் வெளிவந்த ஸ்டார்ஃபீல்டில் அல்ட்ரா என்ற உச்ச நிலையைத் தெரிவு செய்தவருக்குக்கூட எஃப்.எஸ்.ஆர். இயங்கி, 75 சதவீத அளவிலேயே படம் வரையப்பட்டது. உச்சம் என்று நம்பியவர் உள்ளே போய்த் தேடினால்தான் அது தெரியவரும்.

இவற்றைவிட எனக்குக் கோபமூட்டுவது விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்கள் அச்சிடும் கணினித் தேவைப் பட்டியல். ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்த கார்ட் உங்களிடம் இருந்தால் விளையாட்டு ஓடும், அவ்வளவுதான். 2023 ஜூலையில் ரெம்னண்ட் 2 வெளிவந்து மந்தமாக ஓடியபோது, அப்ஸ்கேலிங்கை மனதிற்கொண்டே விளையாட்டை வடிவமைத்தோம் என்று அதனை ஆக்கிய கன்ஃபயர் கேம்ஸ் அறிவித்தது. வெளிப்படையாகச் சொன்னார்களே என்று பாராட்டலாம். சொன்னது காசு வாங்கிய பின்னர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த அலன் வேக் 2இன் பட்டியலில் குறைந்தபட்சத் தேவையாக 1080 திரை, வினாடிக்கு 30 பிரேம், அதுவும் குவாலிட்டி அப்ஸ்கேலிங்கோடு என்று எழுதியிருந்தது. ரெமெடி நிறுவனம் அதை மறைக்கவில்லை.

2025 பெப்ரவரியில் வந்த மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கப்கொம் நிறுவனத்தின் சிபாரிசுப் பட்டியலில் ஆர்.டி.எக்ஸ். 2060 சுப்பர் கார்ட்டுக்கு வினாடிக்கு 60 பிரேம் என்றிருந்தது. பக்கத்திலேயே, இடைப் பிரேம்களை ஊகித்து நிரப்பும் பிரேம் ஜெனரேசன் இயங்கும் நிலையில், என்று ஒரு நிபந்தனை. அப்படியானால் உண்மையில் வரையப்படுவன ஏறத்தாழ 30. இத்தொழில்நுட்பத்தைத் தந்த ஏ.எம்.டி.யோ, நிரப்பத் தொடங்குவதற்கு முன்னரே வினாடிக்கு 60 பிரேமாவது இருத்தல் வேண்டும் என்று தனது வழிகாட்டலில் கூறியுள்ளது. காரணம் எளிது. இடையிலே ஒரு பிரேமை நிரப்ப வேண்டுமானால் அடுத்த உண்மையான பிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு அசைவு வழுவழுப்பாகத் தெரியும். விசையை அழுத்தும் விரலுக்கோ 30 பிரேமின் மந்தமும் அதற்கு மேலும் கொஞ்சமும் தெரியும். மருந்தைத் தயாரித்தவர் உணவுக்குப் பின் என்று எழுதியிருக்க, விற்பவர் உணவுக்குப் பதிலாக என்று கொடுக்கின்றார்.

கண்ணுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் உனக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசம் தெரியாது என்பதில் அவ்வளவு நம்பிக்கை இருக்குமானால் எண்ணை அச்சிடத் தயங்குவானேன்? தரம் கெட்டது என்று நான் வாதாடவில்லை. காசு கொடுப்பவனுக்குத் தான் எதை வாங்குகின்றான் என்று தெரியவேண்டும் என்கின்றேன்.

இது செல்வந்த நாட்டுச் சிறுவர்களின் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. ஹுவாங் குறிப்பிட்ட 549 டொலர், டொலர் ஒன்று ஏறத்தாழ 300 ரூபாயாக இருந்த அந்நாட்களில், வரியும் இறக்குமதியாளரின் இலாபமும் சேராமலே 160,000 ரூபாயைத் தாண்டியது. எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் இரண்டு வருடம் சேர்த்த காசோடு கொழும்பிலுள்ள கடையொன்றுக்குப் போனான். "4கே, நூறு பிரேம் தாராளமாக வரும் தம்பி" என்றார் விற்பனையாளர். எந்த நிலையில், எவ்வளவு ஊகிப்போடு என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெட்டியைப் பார்த்து விற்பவருக்குப் பதில் தெரிந்திராது. விற்பனையாளரை நான் குறை கூறமாட்டேன். அவரும் அதே சொற்களைத்தான் வாசித்திருக்கின்றார்.

பழைய கார்ட் வைத்திருப்பவருக்கு அப்ஸ்கேலிங் உதவியதையும் எழுதத்தான் வேண்டும். 2021 ஜூனில் வந்த எஃப்.எஸ்.ஆர். தனது போட்டியாளரான என்விடியாவின் பழைய கார்ட்டுகளிலும் இயங்கியது. 2016ஆம் ஆண்டின் ஜி.டி.எக்ஸ். 1060 வைத்திருந்தவர்கள் அதனால் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் அந்தப் பெருந்தன்மை நீடிக்கவில்லை. 2022இல் என்விடியாவின் பிரேம் ஜெனரேசன் 40 வரிசைக் கார்ட்டுகளுக்கு மட்டும் என்று வந்தது. 2025 மார்ச்சில் எஃப்.எஸ்.ஆர். 4 வந்தபோது அது ஏ.எம்.டி.யின் புதிய 9000 வரிசைக்கு மட்டுமே கிடைத்தது. ஆக, விளையாட்டு அப்ஸ்கேலிங் இன்றி ஓடாது. நல்ல அப்ஸ்கேலிங் புதிய கார்ட் இன்றிக் கிடைக்காது.

மெனுவிலே எண்ணைக் காட்டுவது சிக்கலான வேலை, சாதாரண ஆட்களுக்குப் புரியாது என்று ஒரு சாக்கும் சொல்லப்படுகின்றது. மேலே குறிப்பிட்ட ரெமெடி நிறுவனம் 2019இல் வெளியிட்ட கொன்ட்ரோல் விளையாட்டைத் திறந்து செட்டிங்ஸ் பக்கத்தைப் பாருங்கள். திரையின் அளவு ஒரு வரியிலும், கார்ட் உண்மையில் வரையும் அளவு வேறொரு வரியிலும் வெறும் எண்களாகவே இருக்கின்றன. 1280×720 என்று அதில் எழுதியிருந்தால் அது 1280×720தான்.