வேகத்துக்குப் பேருந்து, வரிக்குக் காரா?

ஊழியர்களை அழைத்து வர, ஓட்டுநர் உள்பட 12 பேர் அமரும் வேனை ஒரு நிறுவனம் வாங்குகிறது. அது காரா, பேருந்தா? விடை சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது.

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட வேக வரம்பு அறிவிக்கை, ஓட்டுநர் நீங்கலாக 8 பயணிகள் வரை செல்லும் வாகனத்துக்கு விரைவுச் சாலையில் மணிக்கு 120 கி.மீ. அனுமதித்தது, அதற்கு மேற்பட்டால் 100 கி.மீ.தான். ஆக, அங்கே இந்த வேன் பேருந்தின் வரிசையில் நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் செல்லும் வாகனத்துக்கு 18 சதவீதம். இங்கும் அது பேருந்துதான்.

உள்ளீட்டு வரி வரவு கோரும்போது மட்டும் அது காராகிவிடுகிறது. 2019 பிப்ரவரி முதல், 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்கு, சில விதிவிலக்குகள் தவிர, வரவு கிடையாது. வேனின் விலை ரூ.10 லட்சம் எனில் ரூ.1.80 லட்சம் வரி நிறுவனத்தின் தலையில் விழுகிறது. சரக்கு வேனுக்கு இந்தத் தடை இல்லை.

சொந்த உபயோகத்துக்கான காரை வணிகக் கணக்கில் சேர்ப்பதைத் தடுப்பது நியாயமே. ஆனால், 12 பேர் வேனில் வருவோர் பெரும்பாலும் தொழிலாளர்கள். சரக்குக்கு உள்ள சலுகை அவர்களுக்கு இல்லையா? வரவுக்கான வரம்பை 9 பேராகக் குறைக்க ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும்.